இறக்கத்தில் ஒரு சத்தம்

கொல்லிமலை மேலே ஒரு சின்ன மடம். அதை நடத்திவந்தவர் ஞானாம்பாள் அம்மா. அவருடைய சீடர்களில் தியாகேசன் அவரைவிட வயதில் மூத்தவர். அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. கேட்டுக்கொள்ள வந்தவனுக்கு வயசு எவ்வளவு ஆனால் என்ன?

தியாகேசன் திருவாரூர்ப் பக்கம் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தவர். மனைவி காலமானதும் மலையேறி வந்துவிட்டார். தங்கமான மனுஷர்தான், கோபம் வந்தால் மட்டும் கண்மண் தெரியாது. மகளின் வளைகாப்பன்று மாப்பிள்ளை அவளைப் பார்த்து, "உனக்கென்ன தெரியும், சும்மா இரு" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். அத்தனை பேர் முன்னால் சீர்த்தட்டைத் தூக்கி வாசலில் எறிந்துவிட்டார் தியாகேசன். அன்றோடு மகள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். பிறந்த பேத்தியை அவர் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

அந்த மகள் துறையூரிலிருந்து போன் செய்திருந்தாள். பேத்திக்குக் காதுகுத்து. "வாங்கப்பா" என்றவள், "ஆனா..." என்று இழுத்து, மேலே சொல்லாமல் வைத்துவிட்டாள். அந்த 'ஆனா' அவரைப் பாடாய்ப் படுத்தியது.

கிளம்புகிற அன்று காலையில் அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அய்யா."

"எனக்குக் கோபம் வர்றதே அந்தப் பொண்ணு மேல வச்ச பாசத்தாலதான். என்னை யாரு என்ன சொன்னாலும் துடைச்சுப் போட்டுட்டுப் போயிடுவேன். அவளைச் சொன்னாத்தான் தலைக்கு ஏறுது. அதனால, பாசத்தையே அறுத்துட்டா என்ன?"

"அறுத்துட்டு?"

"போறேன். யாரோ எவரோன்னு ஓரமா உட்கார்ந்திருக்கேன். மௌன விரதம்னு சொல்லிடறேன். அதையும் மீறி வந்துச்சுன்னா பல்லைக் கடிச்சுக்கறேன். சரியா வருமா அம்மா?"

அம்மா முற்றத்தில் நின்ற காரைப் பார்த்தார். பக்தர் ஒருவர் அந்த வாரம்தான் மடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன வண்டி. கிளட்ச் கிடையாது, கியரை அதுவே மாற்றிக்கொள்ளும்.

"அடிவாரம் வரைக்கும் நானும் வர்றேன். வண்டியை எடுங்க."

தியாகேசனுக்கு முகம் சுருங்கிவிட்டது. வாழ்க்கைக் கேள்வி ஒன்றைக் கேட்டால் வண்டியை எடுக்கச் சொல்கிறாரே என்று மனசுக்குள் முனகிக்கொண்டே சாவியை எடுத்தார்.

சரிவு தொடங்கியது. முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அவர் பிரேக்கை லேசாகத் தொட்டதும் வண்டி தானாகக் கியரைக் குறைத்துக்கொண்டது. என்ஜின் உறுமியது.

"என்னம்மா இது, இறங்குறதுக்குப் போய் இப்படிக் கத்துது?"

"கத்தட்டுமே."

அவருக்கு மனசு கேட்கவில்லை. தஞ்சைச் சமவெளியில் ஓட்டியவருக்கு மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். பாலம் ஏறியதும் நியூட்ரலில் போட்டு உருட்டிவிடுவார். பெட்ரோல் மிச்சம். ஆயுசு முழுக்கச் செய்த பழக்கம், கை தானாகப் போய் கியர் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளியது.

உறுமல் நின்றது. வெளியே காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்பப் பாருங்க, எவ்வளவு சாந்தமா போகுதுன்னு."

"சாந்தமாத்தான் போகுது. உங்க கால் என்ன பண்ணுது?"

"பிரேக்ல இருக்கு."

"எடுங்களேன்."

"எடுத்தா ஓடிடுமே அம்மா."

அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு. தியாகேசனின் கால் பிரேக்கை விட்டு எழவே இல்லை. ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது. எங்கோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

எதிரே ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி மேலே ஏறி வந்தது. அவர் பிரேக்கை அழுத்தினார். மிதி உள்ளே போயிற்று, வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தினார். தரையைத் தொட்டுவிட்டது.

அம்மா கையை நீட்டி, லீவரின் மேல் இருந்த அவர் கையைப் பிடித்து, பழைய இடத்துக்கு இழுத்தார்.

வண்டி ஒருமுறை குலுங்கி, முன்னைவிடப் பெரிதாகக் கத்தியது. கத்திக்கொண்டே வேகம் குறைந்தது. பஸ் உரசுவதுபோல் கடந்து போனது. தியாகேசன் மலையோரமாக ஒதுக்கி, கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினார். முன்சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

இறங்கிப்போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"அந்தக் குழந்தை முகத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்திருப்பேனே அம்மா," என்றார். அழுதார். கூடவே அம்மாவையும் கொண்டுபோயிருப்போமே என்ற நினைப்பில் இன்னும் அழுகை வந்தது.

அம்மா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

குடித்து முடித்ததும் தியாகேசன் கேட்டார். "அது எப்படி அம்மா பிடிச்சுது? பிரேக்தான் சூடேறிச் செத்துப்போச்சே."

வண்டியைக் கொடுத்தவர் இதையெல்லாம் விளக்கியபோது, "நான் பார்க்காத வண்டியா" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தியாகேசன். கேட்டுக்கொண்டவர் அம்மா.

"ஏறும்போது என்ஜின் சக்கரத்தைச் சுத்துது. இறங்கும்போது சக்கரம் என்ஜினைச் சுத்த வேண்டியிருக்கு. அது லேசா? அந்தப் பாரம்தான் வண்டியைப் பிடிச்சு நிறுத்துது. சரிவு அதிகம்னு தெரிஞ்சா வண்டியே கியரைக் குறைச்சுக்கும். இன்னும் இறுக்கிப் பிடிக்கும்."

"அப்போ அந்தக் கத்தல்?"

"ஓடவிடாம பிடிக்கிற கத்தல்."

"நான் அதை அடங்க வச்சிட்டேன்."

"ஆமா. நியூட்ரல்ல போட்டு என்ஜினைச் சக்கரத்துலேருந்து கழட்டி விட்டுட்டீங்க. அப்புறம் எல்லாத்தையும் உங்க ஒத்தைக் கால்தானே தாங்கணும்?"

அவர் கீழே குனிந்து தம் வலது காலைப் பார்த்தார்.

சக்கரம் நன்றாக ஆறி, பிரேக் பழையபடி கெட்டியானதும் கிளம்பினார்கள். இந்தமுறை லீவரை அவர் தொடவில்லை. வளைவுகளில் மட்டும் பிரேக்கைத் தொட்டுவிட்டுக் காலை எடுத்தார். வண்டி அடிவாரம் வரை கத்திக்கொண்டேதான் இறங்கியது.

கீழே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார்கள். அவர் சோதித்துப் பார்த்து, போகலாம் என்றார். அம்மா மலைக்குத் திரும்பும் பஸ்ஸுக்காக நிழலில் நின்றார். துறையூர்ச் சாலை நேராகக் கிடந்தது. தியாகேசன் வண்டியில் ஏறினார், மறுபடி இறங்கி வந்தார்.

"அம்மா, காலையில கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே."

"என்ன கேட்டீங்க?"

கேள்வி அவருக்கு அதே மாதிரி வரவில்லை. கொஞ்சம் யோசித்து, வேறு மாதிரி கேட்டார்.

"அங்க யாராவது அவளை ஏதாவது சொல்லி, எனக்குள்ள கத்த ஆரம்பிச்சா என்ன பண்றது?"

பஸ் வந்து நின்றது. அம்மா படியில் கால் வைத்துத் திரும்பினார்.

"கத்தட்டும் அய்யா. பேத்தியை மடியில வாங்கிக்குங்க. கழட்டி மட்டும் விட்டுடாதீங்க."