மூழ்க மறந்த வட்டில்

கடிகாரம் என்ற சொல்லையே யாரும் கேட்டிராத காலம் அது. ஒரு நாட்டில் ஒரு கண்மாய் இருந்தது. அந்தக் கண்மாய்க்கு ஓர் அரசன் இருந்தான். அவன் பெயரைக் கேட்காதீர்கள், கண்மாய்க்கே அது மறந்துபோயிருக்கும்.

அரசன் நல்லவன்தான். ஆனால் யாரையும் நம்பமாட்டான். சமையற்காரன் தின்றுகாட்டிய பிறகே சோற்றில் கை வைப்பான். தின்றுகாட்டியவன் முகத்தை வெகுநேரம் பார்த்த பிறகே விழுங்குவான். அரசன் அப்படி என்றால் குடிகளைக் கேட்க வேண்டுமா?

கண்மாய்க்குக் கீழே இரண்டு ஊர்கள் இருந்தன. மடைக்குப் பக்கத்தில் மேல்மடை. வாய்க்கால் போய் முடிகிற இடத்தில் கடைமடை. கோடை வந்து தண்ணீர் குறைந்தால் இரண்டு ஊருக்கும் அடிதடி. அரசன் ஒரு கட்டளை போட்டான். சூரியன் எழுந்ததும் மடையைத் திறக்க வேண்டும். சூரியன் விழுந்ததும் மூட வேண்டும். முற்பகல் தண்ணீர் மேல்மடைக்கு. பிற்பகல் தண்ணீர் கடைமடைக்கு.

மேகம் மூடிய நாளில் உச்சிப்பொழுதை எப்படி அறிவது? அதற்காகச் செம்பு வேலை செய்யும் ஒரே கன்னானை வைத்து, ஒரே அளவில், ஊருக்கு ஒன்றாக இரண்டு நாழிகை வட்டில்கள் செய்வித்தான். வெயில் நாளிலும் ஆளுக்கு ஓர் உச்சியைக் காட்டிச் சண்டை போடுவார்கள் என்று, எந்த நாளிலும் வட்டில் கணக்கே செல்லும் என்றான்.

வட்டில் என்பது ஒரு சின்னச் செம்புக் கிண்ணம். அதன் அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டால், துளை வழியாக நீர் ஏறி ஏறி, ஒரு நாழிகை ஆனதும் கிண்ணம் மூழ்கிவிடும். எடுத்துக் கவிழ்த்து மறுபடியும் மிதக்கவிட வேண்டும். விடியலில் தொடங்கிப் பதினைந்து தரம் மூழ்கினால் உச்சிப்பொழுது.

"அவரவர் பங்கை அவரவரே அளந்தால் திருடுவார்கள்" என்றான் அரசன். ஆகவே மேல்மடைக்குத் தண்ணீர் பாயும்போது கடைமடையின் ஆள், கடைமடையின் வட்டிலை வைத்து அளப்பான். கடைமடைக்குப் பாயும்போது மேல்மடையின் ஆள், மேல்மடையின் வட்டிலை வைத்து அளப்பான். சந்தேகத்துக்கென்றே செய்த ஏற்பாடு. அதனாலேயே இரண்டு ஊருக்கும் அது பிடித்துப்போயிற்று.

கடைமடையின் ஆளுக்கு உடையப்பன் என்று பெயர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவன். வட்டில் ஒரு தரம் மூழ்கினால் ஒரு கூழாங்கல்லைப் பானையில் போடுவான். அவ்வளவுதான் அவன் வேலை. அவன் மனைவி காத்தாயி. அவள் உப்பை வாங்கினால் உப்பா என்று நக்கிப் பார்ப்பாள். தன் நாக்கின் மேல் சந்தேகம் வந்து, கணவன் நாக்கிலும் வைத்துப் பார்ப்பாள்.

ஒரு கோடையில் கடைமடைப் பயிர் வெளுக்கத் தொடங்கியது. உச்சி வெயில் தலைக்கு மேல் வந்து, சாய்ந்தும் போகும். வாய்க்காலில் மட்டும் ஈரம் வராது. மேல்மடையில் இன்னும் பாய்ந்துகொண்டிருக்கும். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்து, பாதி வயல் நனைவதற்குள் சூரியன் விழுந்துவிடும். மடை மூடிவிடும்.

கடைமடை அம்பலம், அதுதான் அந்த ஊர்த் தலைவர், மேல்மடைக்குப் போய்ச் சண்டை போட்டார்.

"எங்ககிட்ட ஏன்யா கத்துறீங்க?" என்றார்கள் மேல்மடைக்காரர்கள். "எங்க தண்ணிய அளக்கிறது உங்க ஆளு. வட்டிலும் உங்க வட்டில். நாங்க தொட்டிப் பக்கம்கூட வர்றதில்ல."

அம்பலம் ஊருக்குத் திரும்பினார். வரும் வழியில் அவருக்கு ஒன்று தோன்றியது. அவர்கள் திருடவில்லை என்றால், அவர்களுக்காக நம் ஆள் திருடுகிறான். வட்டில் மூழ்கியும் கல்லைப் போடாமல் விடுகிறான். அவனை விலைக்கு வாங்கிவிட்டார்கள்.

ஊர் உடையப்பனைச் சோதித்தது.

முதலில் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தான். "களவாணிதான் கூசாமச் சத்தியம் பண்ணுவான்" என்றார்கள்.

அடுத்து அவன் வீட்டைச் சோதித்தார்கள். அடுப்புச் சாம்பலைக்கூடக் கிளறினார்கள். ஒன்றும் இல்லை. "நல்லா ஒளிச்சிருக்கான்" என்றார்கள்.

பிறகு அவன் பக்கத்தில் ஒரு காவலாளை உட்கார வைத்தார்கள். "ஒரு கல்லும் தப்பல" என்று அவன் வந்து சொன்னான். "இவனையும் வாங்கிட்டாங்க" என்றார்கள். காவலாளுக்கு ஒரு காவலாள் போட்டார்கள். அவனுக்கும் ஒருவனைப் போட்டார்கள். கடைசியில் பாதி ஊர் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது. வயலில் களை எடுக்க ஆள் இல்லை.

பயிர் மேலும் வெளுத்தது. அம்பலம் ஊரைக் கூட்டித் தீர்ப்புச் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஒரு குடம் வைக்கப்படும். குடத்துக்குள் நாகம் விடப்படும். உடையப்பன் அதற்குள் கைவிட்டு ஒரு மோதிரத்தை எடுக்க வேண்டும். பாம்பு கடிக்காவிட்டால் அவன் உத்தமன்.

காத்தாயி கூட்டத்துக்குள் புகுந்தாள். "அம்பலம், எனக்கு ஒரு சந்தேகம்."

"ஒனக்கு எதுலதான் சந்தேகமில்ல? சொல்லு."

"பாம்புக்கு நாழிகைக் கணக்குத் தெரியுமா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அம்பலத்துக்குக் கோபம் வந்தது. "கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தா கேடுதான் வரும், ஆத்தா. ஒன் புருசன் நல்லவன்னா பயப்படாம வீட்டுக்குப் போ."

அவள் வீட்டுக்குப் போனாள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். புருசன் நல்லவன் என்று அவளும் முழுதாக நம்பவில்லை. அவன் துண்டை மோந்து பார்த்தாள், மேல்மடைக்காரர்கள் ரகசியமாக விருந்து வைத்த நெய் மணக்கிறதா என்று. வியர்வைதான் மணத்தது. மறுநாள் விடிந்ததும் அவளே கரைக்குப் போய், எல்லாக் காவலாளுக்கும் பின்னால் உட்கார்ந்தாள்.

புருசன் கையைப் பார்த்தாள். கை ஏமாற்றவில்லை. பானையைப் பார்த்தாள். கல்லை எண்ணினாள், கணக்கு ஏமாற்றவில்லை. அண்ணாந்து சூரியனைப் பார்த்தாள். அது யாரிடமும் எதையும் வாங்கிக்கொண்டு மெதுவாக நடப்பதில்லை. ஆனாலும் பதினைந்தாம் கல் விழும்போது வெயில் மேற்கே சாய்ந்திருந்தது.

"மனுசன் பொய் சொல்லல. கல்லு பொய் சொல்லல. சூரியன் பொய் சொல்லாது. அப்ப இங்க மிச்சம் இருக்கிறது யாரு?"

இப்படித் தனக்குள் கேட்டுக்கொண்டு அவள் வட்டிலைப் பார்த்தாள். அது தண்ணீரில் சாதுவாக மிதந்துகொண்டிருந்தது. இவ்வளவு நாளும் ஊரே அளக்கிறவனைப் பார்த்தது. அளக்கிற பொருளை ஒருவரும் பார்க்கவில்லை.

அம்பலத்திடம் ஓடினாள். "நம்ம வட்டில் மேலயே எனக்குச் சந்தேகமா இருக்கு."

அம்பலம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அது அம்மன் காலடியில இருக்கிற வட்டில்! பூசாரி பூ வச்சுக் குடுக்காம வெளியவே வர்றதில்ல. புருசனுக்காக அம்மனையே சந்தேகப்படுறியா?"

சரி, நேராகக் கேட்டால் நடக்காது என்று காத்தாயி தெரிந்துகொண்டாள். சந்தேகப்படுகிற ஊரை எந்தக் கயிற்றால் இழுப்பது? சந்தேகத்தால்தான் இழுக்க வேண்டும்.

அவள் மேல்மடைக்குப் போனாள். "உங்க வட்டில் ஓட்டை வட்டில்னு எங்க ஊர்ல பேசிக்கிறாங்க. அதை நாலு பேருக்கு முன்னால தொட்டியில விடுறதுக்கு உங்களுக்குப் பயமாம்" என்றாள்.

"பயமா? எங்களுக்கா?" என்று துள்ளினார் மேல்மடை அம்பலம். "வெள்ளிக்கிழமையே வர்றோம். உங்க வட்டிலும் வரட்டும்!"

பிறகு தன் ஊருக்கு வந்தாள். "அம்பலம், நம்ம அம்மன் வட்டில் பொய் வட்டிலாம். வெள்ளிக்கிழமை தொட்டியில விட்டுக் காட்டச் சொல்லி மேல்மடைக்காரங்க வர்றாங்களாம்."

"வரட்டும்! பொய்யா மெய்யான்னு காட்டிருவோம்" என்றார் அம்பலம்.

வெள்ளிக்கிழமை காலை. கோயில் வாசலில் குடம் தயாராக இருந்தது. வாய் கட்டிய குடத்துக்குள் பாம்பு. உடையப்பன் குளித்து, ஈர வேட்டியோடு வந்து நின்றான். ஆனால் ஊர் கோயிலில் இல்லை. இரண்டு ஊரும் மடையருகே தொட்டியைச் சுற்றி நின்றன.

இரண்டு வட்டிலையும் ஒரே தொட்டியில், ஒரே நொடியில் மிதக்கவிட்டார்கள். மேல்மடை வட்டில் மூழ்கியது. கடைமடை வட்டில் மிதந்தது. மிதந்துகொண்டே இருந்தது.

"அவங்க வட்டில் நின்ன பக்கம் ஏதோ பண்ணிட்டாங்க!" என்று கடைமடை கத்தியது.

"அப்படியா? இடத்தை மாத்திப் போடுங்க" என்றாள் காத்தாயி. மாற்றிப் போட்டார்கள். மேல்மடை வட்டில் மூழ்கியது. கடைமடை வட்டில் மிதந்தது.

"விட்ட கையில இருக்கு சூது!"

"அப்படியா? கையை மாத்துங்க." அவர்கள் வட்டிலை இவர்கள் விட்டார்கள். இவர்கள் வட்டிலை அவர்கள் விட்டார்கள். மேல்மடை வட்டில் மூழ்கியது. கடைமடை வட்டில் மிதந்தது.

"தண்ணியில எதையோ கலந்துட்டாங்க!"

"அப்படியா? தண்ணிய மாத்துங்க." தொட்டியைக் கவிழ்த்துக் கடைமடைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார்கள். மேல்மடை வட்டில் மூழ்கியது. கடைமடை வட்டில் மிதந்தது.



"இடத்தை மாத்தினோம். கையை மாத்தினோம். தண்ணிய மாத்தினோம்" என்றாள் காத்தாயி. "மாத்தாதது வட்டில் மட்டும்தான்."

"இரு, இரு" என்றார் கடைமடை அம்பலம். "அவங்க துளையைப் பெருசாக்கியிருக்கக் கூடாதா? தப்பு எந்த வட்டில்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அது நல்ல கேள்வி. காத்தாயிக்கே அது பிடித்திருந்தது. "வாங்க, பார்ப்போம்" என்று இரண்டு வட்டிலையும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். மேல்மடை வட்டிலின் துளை வெள்ளிப் பொட்டுப்போல் பளிச்சென்று தெரிந்தது. கடைமடை வட்டிலின் துளையில் ஒரு மயிரிழை வெளிச்சம்தான் வந்தது. அவள் நகத்தால் சுரண்டினாள். நகத்தில் மஞ்சளாக எதுவோ ஒட்டியது.

மோந்து பார்த்தாள். சந்தனம்.

வேறொன்றும் நடக்கவில்லை. வட்டிலால்தான் ஊர் வாழ்கிறது என்று, கோயிலுக்கு வருகிறவர்களெல்லாம் அதற்கு எண்ணெய் தடவினார்கள். மஞ்சள் பூசினார்கள். சந்தனம் வைத்தார்கள். பொட்டு வைப்பதற்கு வாகாக நடுவில் ஒரு துளை இருந்தால் எந்தக் கைதான் சும்மா இருக்கும்? பூசியது காய்ந்தது. காய்ந்ததன் மேல் பூசினார்கள். மேலே தண்ணீர் பட்டாலும் எண்ணெய் அதைக் கரையவிடவில்லை. துளை சிறுத்தது. துளை சிறுத்ததால் வட்டில் மெதுவாக மூழ்கியது. வட்டில் மெதுவாக மூழ்கியதால் மேல்மடையின் முற்பகல் நீண்டது. ஊரே சேர்ந்து கும்பிட்டுக் கும்பிட்டுத் தன் தண்ணீரை அடுத்த ஊருக்கு அனுப்பியிருக்கிறது.

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார்கள். மறுபடி மிதக்கவிட்டார்கள். இரண்டு வட்டிலும் ஒன்றாக மூழ்கின.

மேல்மடை அம்பலம் தலையைச் சொறிந்தார். "அட, உங்க தண்ணிய நாங்க தெரியாமலேல்ல குடிச்சிருக்கோம்" என்றார். அன்று முழு நாளும் தண்ணீர் கடைமடைக்கே பாயட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பாம்பைக் கொண்டுபோய்ப் புற்றருகே விட்டார்கள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? கடைமடை அம்பலம் மெல்லத் திரும்பிப் பூசாரியைப் பார்த்தார். "ஆமா, முதல்ல சந்தனம் வச்சது யாரு?" பூசாரி அம்பலத்தின் வீட்டம்மாவைப் பார்த்தார். அவள் வேறு யாரையோ பார்த்தாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று காத்தாயி ஒரு சத்தம் போட்டாள். "அமாவாசைக்கு அமாவாசை ரெண்டு வட்டிலையும் தேச்சுக் கழுவி, ஒரே தொட்டியில ஒண்ணா விட்டுப் பாருங்க. முழுகுற வேகம் மாறினா வட்டிலக் கேளுங்க. அதுக்கு அப்புறம் ஆளைக் கேக்கலாம்."

அப்படியே இரண்டு ஊரும் செய்தன. கடைமடைப் பயிர் பச்சை பிடித்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் உடையப்பன் வேட்டியை உதறிக் கட்டினான். பிறகு கேட்டான். "ஏ புள்ள, நீயாவது என்னைச் சந்தேகப்படாம இருந்தியா?"

"ஊருக்கு முன்னாடியே நான்தான் சந்தேகப்பட்டேன்" என்றாள் காத்தாயி. "துண்டைக்கூட மோந்து பார்த்தேன். ஆனா உங்களோட நிறுத்திக்கல."

பிள்ளைகளே, பெரியவர்களே, இந்தக் கதையின் நீதி இதுதான்: ஆளைச் சந்தேகித்து அங்கேயே நின்றுவிடுகிறவருக்குப் பகைதான் மிஞ்சும், அளக்கும் கருவியையும் சந்தேகித்துச் சோதித்துப் பார்க்கிறவருக்கே உண்மை கிடைக்கும்.