ஆளுக்கொரு கம்பம்

“விடிஞ்சதிலிருந்து நிக்கிறேன்! முதுகு எரியுது, வயிறு காயுது, காலு மரத்துப்போச்சு. இவ மட்டும் இடது பக்கம் தேய்ச்சு, வலது பக்கம் தேய்ச்சு, இப்ப மறுபடியும் இடது பக்கம் ஆரம்பிக்கிறா! இது என்ன கல்லா, இல்ல இவ அப்பன் வீட்டுச் சீதனமா?”

இப்படிக் கத்தியவள் ஒற்றைக்கொம்பி என்ற காட்டெருமை. திட்டு வாங்கியவள் பெருந்திமிலி. மந்தையிலேயே பெரிய திமில் அவளுக்குத்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கல்லில் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“பெரிய திமில்னா பெரிய அரிப்புதான். வேணும்னா நீயும் வளர்த்துக்கோயேன்!” என்றாள்.

அமெரிக்காவின் நடுவில், கண்ணுக்கெட்டிய தூரம் புல் மட்டுமே இருந்த இடம் அது. மரம் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. வசந்தம் வந்தால் காட்டெருமைகளுக்குக் குளிர்காலத்து ரோமம் கொத்துக்கொத்தாக உதிரும். உடம்பு முழுக்க அரிக்கும். எங்கே போய்ச் சொறிவது? அந்தப் பரந்த வெளியில் இருந்தது ஒரே ஒரு கல். வயதுப்படி வரிசையில் நின்று, முறை வரும்போது தேய்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் மந்தையின் வழக்கம். வருஷா வருஷம் அந்த வரிசையில் சண்டை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். சண்டை போடுவதற்காகவாவது எல்லோரும் ஓரிடத்தில் கூடினார்கள்.

வரிசையின் கடைசியில் நின்றவள் கூழைவாலி. பாதி வாலை ஓநாய்க்குக் கொடுத்துவிட்டு உயிரோடு திரும்பியவள். பக்கத்தில் அவளுடைய செம்பட்டைக் கன்று. கூழைவாலிக்கு அரிப்பைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று கேட்டே ஆக வேண்டும். மழை ஏன் சாய்வாகப் பெய்கிறது? வெட்டுக்கிளி எங்கே தூங்குகிறது? கேட்டுக் கேட்டு மந்தையின் காது புளித்துப் போயிருந்தது.

“அக்கா, அங்க பாருங்க! இலையில்லாத மரம்!” என்றாள் அன்று.

“ஆரம்பிச்சுட்டா!” என்றாள் ஒற்றைக்கொம்பி. ஆனாலும் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

மரமேதான். ஒன்றில்லை, வரிசையாக நின்றன. கிழக்கே தொடங்கி மேற்கே போய் மறைந்தன. இலையில்லை, கிளையில்லை, கோணல் இல்லை. உச்சியில் மட்டும் ஒரு கம்பி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஓடியது.

அரிப்பு உள்ளவர்களுக்கு யோசிக்க நேரமேது? மொத்த மந்தையும் ஓடிப்போய் முதல் கம்பத்தில் விழுந்து தேய்த்தது. ஆகா, என்ன சுகம்! கல்லைவிட உயரம், கல்லைவிடச் சொரசொரப்பு! முன்னும் பின்னும் மோதித் தேய்த்ததில் கம்பம் ‘மடார்’ என்று முறிந்து விழுந்தது. அடுத்ததற்கு ஓடினார்கள். அதுவும் விழுந்தது.

கூழைவாலி மட்டும் விழுந்த கம்பத்தை முகர்ந்து பார்த்தாள். பிசின் வாசனை அடித்தது. நடுவில் மரங்கொத்தி துளைத்த பொந்து ஒன்றும் இருந்தது.

“இதுல பறவை குடியிருந்திருக்கு. அப்ப இது எங்கேயோ இருந்த மரம். இதை யாரு இங்க தூக்கிட்டு வந்தாங்க? எதுக்கு?”

“சொறியறதுக்குடி! வேற எதுக்கு?” என்றாள் பெருந்திமிலி.

அப்போதுதான் மினுக்கன் வந்தான். மினுக்கன் என்பது கம்பம் நடுகிற மனிதர்களின் குதிரை. தோல் சேணமும் பித்தளை வளையமுமாக, கல்யாண வீட்டுக்குக் கிளம்பினவன்போல இருந்தான். விழுந்த கம்பங்களைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்தது. எதிரே அத்தனை கொம்புகளைப் பார்த்ததும் தானாகவே வெளுத்தது. ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“அம்மணிகளே! எதுக்கு இப்படி முட்டி மோதிக்கறீங்க? உங்களை மாதிரிப் பெரிய குடும்பத்துப் பெண்கள் வரிசையில நிக்கலாமா? இனிமே ஆளுக்கொரு கம்பம்! உங்க கம்பத்துல நீங்க மட்டும்தான் தேய்க்கலாம். வேற எவளும் கிட்ட வரக் கூடாது. ஒரே ஒரு வேண்டுகோள்தான். மெதுவாத் தேய்ங்க. உங்க கம்பம் விழுந்தா உங்களுக்குத்தானே நஷ்டம்?”

மந்தை காதை நிமிர்த்தியது. தனக்கென்று ஒரு கம்பமா!

“எனக்கு எது?” என்று ஒற்றைக்கொம்பி முண்டிக்கொண்டு முன்னால் வந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவள் முன்வரிசையில் நின்றாள், பாவம்.

“ஏம்பா, மேல கம்பி எதுக்கு?” என்று கூழைவாலி கேட்டாள்.

“அதுவா? அது அலங்காரம்.”

“அலங்காரம் ஏன் முனகுது? காதை வெச்சா உள்ள யாரோ பேசற மாதிரி இருக்கே!”

“காத்து, அம்மணி, காத்து!”

“காத்து இல்லாதப்பவும் முனகுதே?”

“ஏய், சும்மா இருக்கமாட்ட?” என்று பெருந்திமிலி அதட்டினாள். “கொடுக்கறவன் மனசு நோகப்போகுது!”

அப்படித்தான் மந்தை கலைந்தது. கம்பத்துக்கு ஒருத்தியாகக் கிழக்கும் மேற்குமாகப் பரவி நின்றார்கள். கூழைவாலியும் ஒரு கம்பத்தை வாங்கிக்கொண்டாள். அவளுக்கும்தான் முதுகு அரித்தது. முதல் நாள் தனியாக, அவசரமில்லாமல், ஆசைதீரத் தேய்த்துக்கொண்டாள். சொர்க்கமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

ஆனால் கோடை பாதி போவதற்குள் பேச்சு மாறிவிட்டது. “உன் கன்னு என் கம்பத்துல உரசிட்டுப் போச்சு!” “உன் நிழல் என் பக்கம் விழுது!” கல்லின் அருகே கத்திச் சண்டை போட்டவர்கள், இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெருங்காற்று அடித்த நாளில் ஒவ்வொருத்தியும் தன் கம்பத்துக்குத் தோள்கொடுத்து, விழாமல் தாங்கிக்கொண்டு நின்றாள். மினுக்கன் அந்த வழியே போகும்போது பார்த்துப் பார்த்து மகிழ்ந்தான். சம்பளமில்லாத காவல்காரர்கள் யாருக்குக் கிடைப்பார்கள்?

கூழைவாலிக்கோ அந்த முனகல்தான் தூக்கத்தைக் கெடுத்தது. இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? யாருக்குப் போகிறது? ஒருநாள் கன்றைக் கூட்டிக்கொண்டு கம்பி வந்த திசையிலேயே கிழக்கே நடந்தாள்.

“கம்பத்தை விட்டுட்டுப் போறியே, வேற எவளாவது வந்து நின்னுட்டா?” என்றாள் ஒற்றைக்கொம்பி.

“நிக்கட்டுமே!”

“கூறுகெட்டவ!” என்று ஒற்றைக்கொம்பி தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

பல நாள் நடந்தபின் தரையில் இரண்டு இரும்புக் கோடுகள் தென்பட்டன. கூழைவாலி முகர்ந்தாள், நக்கினாள், குளம்பால் தட்டிப் பார்த்தாள். அவை எங்கும் வளையாமல் கம்பங்களின் கூடவே வந்தன. கோடுகள் முடிந்த இடத்தில் கோவேறு கழுதைகள் கூட்டமாகப் படுத்துக் கிடந்தன. சாம்பலன் என்ற கிழட்டுக் கழுதை தலையைத் தூக்கியது.

“ஏந்தாயி, வழி தவறி வந்துட்டியா?”

“இல்லப்பா. தெரிஞ்சுக்க வந்தேன். நீங்க ஏன் பட்டப்பகல்ல படுத்திருக்கீங்க?”

“வேலையை நிறுத்திட்டோம். இந்த இரும்பு, இந்தக் கட்டை, எல்லாம் நாங்க இழுத்ததுதான். தண்ணி போதலே. தோல் உரிஞ்ச இடத்துலயே இழுக்கற பட்டையைக் கட்டறாங்க. தண்ணி கொடு, புண் ஆறவிடு, அப்புறம் இழுக்கறோம்னு படுத்துட்டோம்.”

“அந்தக் கம்பமெல்லாம் எங்க முதுகு சொறியத்தானே?”

சாம்பலன் சிரித்த சிரிப்பில் அவனுக்கு இருமலே வந்துவிட்டது.

“உன் முதுகைச் சொறிய எவனாவது எங்க ஊர்க் காட்டை மொட்டையடிச்சு இவ்வளவு தூரம் அனுப்புவானா தாயி? அந்தக் கம்பியில மனுசங்க பேச்சு ஓடுது. ‘இங்க இரும்பு அனுப்பு, அங்க ஆள் அனுப்பு’ன்னு சொல்லி அனுப்புவாங்க. முன்னால கம்பம் வரும். பின்னாலேயே இரும்புப் பாதை வரும். கூடவே முள்கம்பி வரும், யாரும் பாதையில குறுக்கே வராம இருக்க.”

“குறுக்கேயா?” என்று கூழைவாலி தெற்கே திரும்பிப் பார்த்தாள். “நாங்க குளிர்காலத்துக்குத் தெக்கே ஆத்துப் பள்ளத்தாக்குக்குப் போகணுமே! அதைத் தாண்டித்தானே போகணும்? மேட்டுலயே தங்கின கன்னு ஒண்ணுகூட அடுத்த வசந்தத்தைப் பார்த்ததில்லையே!”

“சுத்திப் போகலாம்னு நெனைக்காதே. ஒரு கடல்லேர்ந்து இன்னொரு கடல் வரைக்கும் போடறாங்க. முள்கம்பி வந்து வழியை அடைக்கிறதுக்குள்ள எல்லாருமாச் சேர்ந்து போயிடுங்க. உங்க கூட்டம் மொத்தமாச் சாய்ஞ்சா எந்தக் கம்பம் தாங்கும்?”

“நாங்க இப்ப கூட்டமா இல்லையே. ஆளுக்கொரு கம்பம் வாங்கிட்டோம்.”

சாம்பலன் சிரிக்கவில்லை. “இங்க கூடாரம் போட்டு வாழ்ந்த பழைய மனுசங்களுக்கும் இதையேதான் செஞ்சாங்க. ஆளுக்கொரு சதுரம்னு நிலத்தைக் கோடு கிழிச்சுக் கொடுத்தாங்க. மிச்ச நிலத்தை இவங்க எடுத்துக்கிட்டாங்க.”

அப்போது பூமி அதிர்ந்தது. கரும்புகை கக்கிக்கொண்டு ஓர் இரும்பு வண்டி வந்து நின்றது. செம்பட்டைக் கன்று அம்மாவின் வயிற்றுக்கடியில் ஒளிந்துகொண்டது. கூழைவாலியோ பயத்தையும் மறந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள். வண்டியின் கதவு திறந்தது. உள்ளேயிருந்து புதுக் கோவேறு கழுதைகள் இறங்கின. எலும்பும் தோலுமாக இருந்தன. இறங்கியதுமே அவற்றின் கழுத்தில் பட்டை ஏறியது. படுத்திருந்த பழைய கழுதைகளைச் சாட்டையால் விரட்டினார்கள்.

“புதுசா வந்தவங்களை இழுக்க வேண்டாம்னு நீ சொல்லலையா?” என்று கேட்டபடியே கூழைவாலி சாம்பலனுடன் ஓடினாள்.

“போன தடவை இப்படி வந்து இறங்கினவன்கிட்டச் சொன்னேன். அவனுக்குப் பசி தாயி. பசிக்குக் காது கேக்குமா?”

கூழைவாலி நிற்காமல் திரும்பினாள். அவள் வந்து சேர்வதற்குள் புல் மஞ்சளாகியிருந்தது. வடக்கேயிருந்து ஊசி மாதிரிக் காற்று வீசியது. அவள் பயந்தபடியே ஆகிவிட்டது. கம்பத்துக்குக் கம்பம், கீழே மேலே என்று, முள்கம்பி அறைந்திருந்தார்கள். தெற்கே போகும் வழி அடைபட்டுவிட்டது. ஆனால் மந்தை என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? ஆனந்தமாகச் சொறிந்துகொண்டிருந்தது!

“வந்துட்டியா? பாருடி!” என்றாள் பெருந்திமிலி. “எவ்வளவு நல்ல மனுசங்க! வெறும் மரம் வழுக்குதுன்னு முள்ளு வெச்சுக் கொடுத்திருக்காங்க! கழுத்து மடிப்புக்குள்ளகூட இப்ப எட்டுது!”

“அக்கா, அது சொறியறதுக்கில்ல! நம்மள அடைக்கிறதுக்கு! பள்ளத்தாக்குக்கு எப்படிப் போவீங்க?”

பெருந்திமிலி சொறிவதை நிறுத்தினாள். தெற்கே பார்த்தாள். அவளுக்குப் புரியாமல் இல்லை. “அதுக்கென்ன, போகும்போது பார்த்துக்கலாம்” என்றாள்.

“இப்பவே பார்க்கணும். முள்ளுக்கு நம்ம தோல் தாங்கும். எல்லாரும் ஒரே கம்பத்துல ஒருதரம் தோள் கொடுத்தா விழுந்துடும். வழி திறந்துடும்.”

“எந்தக் கம்பத்துல?”

“எதுல வேணா!”

“ஒற்றைக்கொம்பியோடதுல தள்ளு. நான் வரேன். என்னோடதுல கை வைக்காதே!”

கூழைவாலி ஒற்றைக்கொம்பியிடம் ஓடினாள்.

“என் கம்பமா?” என்று அவள் சீறினாள். “காலமெல்லாம் வரிசையில நின்னு நின்னு இப்பத்தான் எனக்குன்னு ஒண்ணு கிடைச்சிருக்கு. அதை உடைக்க வந்துட்டியா? ஏன், பெருந்திமிலியோடது உடையாதா?”

கம்பம் கம்பமாக ஏறி இறங்கினாள். தள்ள வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். தள்ளப்படுவது அடுத்தவள் கம்பமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேலியின் மறுபக்கம் மினுக்கன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை.

அன்று மாலை முதல் பனி விழுந்தது. செம்பட்டைக் கன்று பனியை மூக்கால் நோண்டிப் பார்த்தது. கீழே கட்டாந்தரைதான் இருந்தது. சுற்றுவட்டாரத்துப் புல்லையெல்லாம் நின்ற இடத்திலேயே நின்று அவர்களே தின்று தீர்த்திருந்தார்கள்.

“அம்மா, நாம எப்ப ஆத்துக்குப் போவோம்?”

கூழைவாலி தன் கம்பத்தின்மேல் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கம்பம் ஆடியது. முள் தோளுக்குள் இறங்கியது. பின்வாங்கி, ஓடிவந்து மோதினாள். கம்பம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. ஒருத்தியின் பலம் அந்தச் சாய்வோடு முடிந்துவிட்டது. இன்னும் நாலு தோள் சேர்ந்தால் போதும்.

அவள் கிழக்கே திரும்பினாள், மேற்கே திரும்பினாள். மங்கிய வெளிச்சத்தில் கம்பத்துக்கு ஒரு கறுப்பு உருவம் தெரிந்தது. எல்லோருக்கும் கேட்கும் தூரம்தான். ஆனால் ஓர் அடி நகர்ந்தால் தன் கம்பத்தில் அடுத்தவள் வந்து நின்றுவிடுவாளோ என்று ஒவ்வொருத்தியும் பக்கத்து உருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“யாரோட கம்பமும் வேண்டாம்! என் கம்பத்தையே தள்ளலாம்! நாலு பேர், ஒரே ஒரு தடவை வாங்களேன்!” என்று கூழைவாலி கூப்பிட்டாள்.

ஒருத்தியும் குரல் கொடுக்கவில்லை.

தனக்கென்று ஒன்று கிடைத்த மகிழ்ச்சியில் எல்லோருக்குமான வழியை விட்டுக்கொடுப்பவர்களுக்கு, கடைசியில் அந்த வழியும் இருக்காது, கூப்பிட்டால் வருவதற்கு ஆளும் இருக்காது.