மென்ற வெற்றிலை

தென்மருதூர் ராஜாவுக்கு அழகு என்றால் உயிர். ராஜவீதி அழகாயிருக்க வேண்டுமென்று 'வீதி அழகுச் சபை' என்று ஒன்றை வைத்தார். அன்றைக்குப் பிடித்தது சனி. கதவுக்கு வர்ணம் பூசணுமா, சபையைக் கேள். துளசி மாடத்தை நகர்த்தணுமா, சபையைக் கேள். சபையார் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், வயிறாரச் சாப்பிடுவார்கள். பிறகு வீட்டுக்காரர் நீட்டும் வெற்றிலையை வாங்கி மென்றுவிட்டால் அனுமதி கொடுத்ததாக அர்த்தம்.

விகடகவி பேச்சிமுத்துவுக்கு இந்தச் சபையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் ராஜா வைத்த சபை. வாயைக் கட்டிக்கொண்டு இருந்தான்.

ஒருநாள் அந்த வீதியில் குடியிருக்கும் வடிவாம்பாள் அழுத கண்ணோடு தர்பாருக்கு வந்தாள். அவள் புருஷன் இருளாண்டி எல்லைச் சண்டையில் இரண்டு காலையும் இழந்தவன். சக்கரப் பலகையில்தான் நகர்வான்.

"வாசல்படியை எடுத்துட்டுச் சரிவு கட்டிக்கிறோம்னு கேட்டோம், மகாராஜா. சபையார் வந்தாங்க, பாயசம்கூட ரெண்டாம் தடவை வாங்கிக்கிட்டாங்க. வெற்றிலை போட்டுக்கிட்டு, 'தாராளமா கட்டும்மா'ன்னாங்க. கட்டினோம். இத்தனை வருஷம் கழிச்சு அவர் தானாவே குளக்கரை வரைக்கும் போய்ட்டு வந்தார். இப்ப அனுமதி ரத்தாம், இடிக்கணுமாம். இடிச்சா அவர் மறுபடி வீட்டுக்குள்ளேயே கிடக்கணும்."

"அவன் ஏன் வரவில்லை?"

"வந்திருக்கார். வெளியில காத்துக்கிட்டிருக்கார். அரண்மனைக்கும் படிதானே, மகாராஜா."

ராஜா சபையார் பக்கம் திரும்பினார்.

சபைத் தலைவர் பஞ்சநதம் பிள்ளை எழுந்தார். "எல்லா வீட்டுக்கும் படி, இவள் வீட்டுக்கு மட்டும் சறுக்குமரம். வீதி லட்சணமே போச்சு. அதனால் கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். அனுமதிக்கு முன்னால் எல்லாம் எப்படி இருந்ததோ, அப்படியே ஆக்க வேண்டும். அதுதான் சபை விதி."

ராஜா கையைப் பிசைந்தார். விதி அவர் போட்டது.

பேச்சிமுத்துவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "ரொம்ப நியாயம், பிள்ளைவாள். 'எல்லாம்' என்றால் எல்லாமும்தானே?"

"ஒரு துரும்புகூட மாறக்கூடாது."

"புதுசாக வேறொன்றை வைத்துச் சமாளித்தால்?"

"செல்லாது. பழைய படி, பழைய கல், பழைய இடம்."

பேச்சிமுத்து உள்ளே போய் ஒரு வெற்றிலைத் தட்டோடு வந்தான். தட்டு காலி. அதைப் பிள்ளையின் முன்னால் வைத்தான். "அம்மா படியைத் திருப்பி வைத்துவிடுவாள். நீங்கள் வெற்றிலையை வையுங்கள்."

"எந்த வெற்றிலை?"

"அன்றைக்கு அவள் வீட்டில் மென்றீர்களே, அது."

"இவ்வளவுதானா? ஒரு கவுளி வெற்றிலையே வாங்கித் தருகிறேன்."

"புதுசு செல்லாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அதே வெற்றிலை, அதே காம்பு, அதே பச்சை. பாயசத்துக்குப் பாத்திரம் பின்னால் வருகிறது."

தர்பாரில் எவனோ களுக்கென்று சிரித்தான். பிள்ளைக்கு முகம் வியர்த்தது. "என்னய்யா விளையாடுகிறாய்? முழுங்கியதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?"

"கொடுத்த வாக்கைத் திருப்பி முழுங்கினீர்களே, பிள்ளைவாள். முழுங்கின வெற்றிலையைத் திருப்பிக் கொடுப்பது அதைவிடவா கஷ்டம்?"

ராஜா தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "மென்ற வெற்றிலையைத் திருப்பித் தர முடியாதவன், கொடுத்த அனுமதியையும் திருப்பிக் கேட்கக் கூடாது. சரிவு இருக்கட்டும். பேச்சிமுத்து, உனக்கு என்ன வேண்டும்?"

"அரண்மனை வாசலிலும் ஒரு சரிவு, மன்னா. உங்களுக்காகக் காலைக் கொடுத்தவன் இன்னும் வெயிலில் காத்துக்கிடக்கிறான்."

ராஜாவின் சிரிப்பு அடங்கிவிட்டது. "கட்டச் சொல்கிறேன்."

பேச்சிமுத்து தன் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து, பணிவாக நீட்டினான்.

"இதை மென்றுவிட்டுச் சொல்லுங்கள், மன்னா."