உலையில் உருகாத வெண்மணிகள்

பவ ஆண்டு, மார்கழித் திங்கள் இருபத்துமூன்றாம் நாள். கதிரவன் எழுந்த பின்னரும் மூடுபனி விலகவில்லை. அரசவைத் தூண்கள் பாதிவரை கரைந்துபோனவை போல நின்றன. கருங்குன்ற நாட்டைக் கோடைமாறன் என்னும் மன்னன் ஆண்ட காலம் அது. மகிழ்ந்தால் மாலை, சினந்தால் கழுமரம். அவனிடம் இடைப்பட்டது அரிது.

அரசி பூதலவல்லி காய்ச்சலில் இறந்து ஒரு திங்கள் ஆகியிருந்தது. கரும்பாறைகளை அரித்துவரும் ஆற்றின் அடிமணலில், பொன்துகளோடு கிடைக்கும் கனத்த வெண்மணிகள் என்றால் அவளுக்கு உயிர். அவற்றை உருக்கி அவள் திருமுகத்தை வார்க்குமாறு மன்னன் ஆணையிட்டான். பொன் உருகிய உலையில் அவை உருகவில்லை, கறுக்கவுமில்லை.

"உள்ளே தேவியாரின் ஆவி இருக்கிறது, வேந்தே! அது காய்ச்சலன்று, கொலை. தம்மைக் கொன்றவரைக் காட்டாமல் உருகமாட்டார்," என்றான் வல்லபராயன். அமைச்சர் பதவிக்கு நெடுநாளாக நாவூறிக் கிடந்தவன் அவன்.

மெல்லிய வெள்ளித்தட்டில் மணிகளைப் பரப்பி, வலக்கையில் ஏந்தினான். "தாயே, யார்?"

மணிகள் அசைந்தன. தட்டை உரசிக்கொண்டு எறும்புகளைப் போல ஊர்ந்தன. அமைச்சர் அறவாழி நின்ற பக்கமாக ஊர்ந்து நின்றன. அவையில் யாரோ விம்மினார்கள். அறவாழிக்கே பிடரி சில்லிட்டது. மறுகணம், தட்டின் அடியில் வல்லபராயனின் மோதிரக்கல் உட்புறமாகத் திருப்பப்பட்டிருப்பதைக் கண்டார். சொன்னால் மன்னன் நம்புவானா? மனைவி மீண்டு வந்துவிட்டாள் என்று அவன் கண்கள் மின்னிக்கொண்டிருந்தனவே!

"இவனைக் கழுவேற்றுங்கள்!"

"ஏறுகிறேன், அரசே. ஆனால் தேவியார் உலையில் வெந்த உடம்போடு தவிக்கிறார். பழிசுமந்த நான் தொடலாகாது. வல்லபராயரே தம் கையால் நீராட்டட்டும்."

மன்னன் கண் கலங்கியது. "செய்!"

நீர்க்கிண்ணத்தில் மணிகளைக் கொட்டினார்கள். வல்லபராயன் இடக்கையை நீட்டினான்.

"இடக்கையா, ஐயா? வீட்டில் குழந்தைக்குக்கூட அந்தக் கையால் சோறூட்டமாட்டீரே!" என்றார் அறவாழி.

மன்னனின் கை வாளுக்குச் சென்றது. வல்லபராயனின் வலக்கை நீரில் இறங்கியது. வெளியே வந்தபோது, மோதிரத்தைச் சுற்றி மணிகள் கொத்தாக ஒட்டியிருந்தன. உதறினான், உதிரவில்லை.

"பற்றிக்கொண்டாள்!" மன்னனின் குரல் கிசுகிசுத்தது. "கொலைகாரன் நீயா?" வாள் உருவப்பட்டது.

"ஐயோ, ஆவியில்லை அரசே! மோதிரத்தில் காந்தக்கல்! மணிகளில் இரும்பு கலந்திருக்கிறது, அதனால் ஒட்டுகின்றன!"

"இவ்வளவு அறிந்தவர், சற்று முன்னரே வாய்திறந்திருக்கலாம்," என்றார் அறவாழி.

அவை நகைத்தது. மன்னன் நகைக்கவில்லை. "அப்படியானால், ஏன் உருகவில்லை?"

"நம் உலைக்கு அவ்வளவு வெப்பமில்லை, அரசே. வேறொன்றுமில்லை." அதைச் சொல்லும்போது மன்னனின் முகத்தைப் பார்க்க அறவாழிக்கு மனம் வரவில்லை.

பின்னர், வல்லபராயன் பட்டம் இழந்து ஆற்றங்கரையில் மணல் அரிக்க அனுப்பப்பட்டான். அறவாழிக்கு மன்னன் தன் முத்துமாலையை அணிவித்தான். மோதிரத்தை ஆற்றில் எறிந்துவிடலாம் என்றார் அவர். "இருக்கட்டும்," என்று மன்னன் வாங்கிக்கொண்டான். அதன்பின் நாள்தோறும் காலையில் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு, அவன் கதவைத் தாழிடுவான்.

"பூதலவல்லி, இருக்கிறாயா?" என்று அவன் கேட்பது வாயிற்காவலர் காதில் விழும். பிறகு, வெள்ளித்தட்டில் மணிகள் நகரும் ஒலி.