கரும்பின் தோகைப் பக்கம்

தீபாவளிக்குப் பிறகு எழிலிக்கு ஒரு கண்ணில்தான் பார்வை இருந்தது.

தெருவில் யாரோ கொளுத்திய வெடி. அதன் துணுக்கு பறந்து வந்து இடது கண்ணில் பட்டது. அப்போது அவள் வாசற்படியில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

"இந்தக் கண்ணுல இனிமே வெளிச்சம் மட்டும் தெரியும்," என்றார் மருத்துவர். "இன்னொண்ணைப் பத்திரமா பாத்துக்குங்க."

அந்தச் சொல்லைத் தனவேல் வீட்டுக்குச் சுமந்து வந்தான். மகளின் பென்சில்களை மழுங்கத் தேய்த்தான். மேஜை முனைகளில் துணி சுற்றினான். தாழ்ந்திருந்த முருங்கைக் கிளையை வெட்டினான். பம்பரத்தைக் கிணற்றில் போட்டான். கொத்திவிடும் என்று கோழியை விற்றான். பயம் மட்டும் குறையவில்லை. ஒவ்வொன்றாக அப்புறப்படுத்தியதும் அடுத்தது கண்ணில் பட்டது.

போகியன்று காலை மகளைக் கூட்டிக்கொண்டு கொள்ளிடக் கரைக்குப் போனான். அங்கே ஒரு கீற்றுக் கொட்டகையில் மெய்யம்மை இருந்தார். தனவேலைவிட வயதில் இளையவர். அவனை அண்ணே என்று கூப்பிடுவார். அவனோ அவரைக் குருவாக ஏற்றவன். அம்மா என்பான்.

மெய்யம்மை பாய்களை வெயிலில் உதறிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. நல்ல நாளும் அதுவுமா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"பயமா இருக்கும்மா."

"எதைப் பாத்து?"

"எல்லாத்தையும். நாளைக்குப் பொங்கல். அடுப்புல பொறி பறக்கும். மறுநாள் மாட்டுக் கொம்பு. தீபாவளியில மிஞ்சின வெடிய இன்னும் எவனாவது வெச்சிருப்பான். இவளுக்கு ஒரு கண்ணுதாம்மா இருக்கு. அதை நான் எப்படிக் காப்பாத்துவேன்?"

எழிலி பாயின் ஓரத்தில் உட்கார்ந்து கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா கோழியக்கூட வித்துட்டாரு அத்தை. பாவம், அது என்னைக் கொத்தவே இல்ல."

"உன்னைக் கொத்தாதா? என்னையே கொத்துச்சு," என்றான் தனவேல்.

"நீ அதை வெரட்டின. அதான்."

மெய்யம்மை பாயைச் சுருட்டி வைத்தார்.

"இன்னும் கரும்பு வாங்கல. கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வருவோம்."

"அம்மா, நான் கேட்டது..."

"வாங்கிட்டு வந்து பேசுவோம்."

மூவரும் போனார்கள்.

கடைத்தெருவில் ஒரு பெண் கரும்புக் கட்டுகளைச் சுவரோடு சாத்தி வைத்திருந்தாள். தனவேல் ஒரு தோகையை விரலால் தொட்டுப் பார்த்தான். விளிம்பு ரம்பம்போல இருந்தது. கையை இழுத்துக்கொண்டான்.

"இதை வெட்டிக் குடுத்துடுங்க."

"எதை?"

"தோகைய."

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"மொட்டக் கரும்ப வெச்சா பொங்க வெப்பீங்க? சூரியன் பாத்துட்டு வந்த வழியே திரும்பிடப் போறாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தனவேலுக்குச் சிரிப்பு வரவில்லை.

"தோகை இருக்கட்டும்," என்றார் மெய்யம்மை.

அவன் கரும்புக் கட்டை வலது தோளில் தூக்கி வைத்தான். அடிப்பக்கம் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. தோகைப் பக்கம் பின்னால் தழைந்து தொங்கியது. எதிரே வண்டிகள் வந்தபடி இருந்தன.

"எழிலி, முன்னால போவாத. வண்டி வருது பாரு. அப்பாவுக்குப் பின்னால வா."

அவள் பின்னால் வந்தாள். மெய்யம்மை இருவருக்கும் நடுவில் புகுந்து, தம் முந்தானையை எழிலியின் கையில் கொடுத்தார்.

கடைத்தெரு முடியும் இடத்தில் ஒரு நாய் குரைத்தது. தனவேல் சட்டென்று இடப்பக்கமாகத் திரும்பினான்.

"பாத்து வா, கண்ணு!"

பின்னால் தோகை சரசரத்தது. மெய்யம்மை முகத்துக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். வெயிலுக்காக என்று நினைத்தான். மேலே நடந்தான்.

வேலியோரம் கருவேல முள் நீட்டிக்கொண்டிருந்தது. திரும்பினான்.

"பாத்து!"

தெருமுனையில் பையன்கள் போகி மேளம் தட்டிக்கொண்டு குச்சிகளை வீசி ஓடினார்கள். முழு உடம்பாகத் திரும்பினான்.

"பாத்தும்மா, பாத்து!"

ஒவ்வொரு தடவையும் பின்னால் சரசரவென்று கேட்டது. ஒவ்வொரு தடவையும் மகள் நல்லபடியாக இருந்தாள். ஆனாலும் அவனுக்கு மூச்சு நிதானப்படவில்லை. கொட்டகையைக் கண்ட பிறகுதான் நடை தளர்ந்தது.

கட்டை இறக்கிச் சாத்தினான். அப்போதுதான் மெய்யம்மையின் கையைப் பார்த்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கீறல்கள். சிலவற்றில் ரத்தம் துளிர்த்திருந்தது.

"ஐயோ, என்னம்மா இது?"

"தோகை கிழிச்சது."

"எந்தத் தோகை?"

மெய்யம்மை குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவினார். எழிலிதான் சொன்னாள்.

"நீ திரும்பறப்பல்லாம் அது பின்னால சர்ருனு வீசுச்சுப்பா. அத்தைக்குக் குனியவே தெரியல."

"குனியறதா?"

"ஆமா. நீ 'பாத்து'ன்னு சொன்ன ஒடனே குனிஞ்சிடணும். நேத்து வீட்டுல ஒட்டடை அடிச்சேல்ல? கம்போட திரும்பித் திரும்பி 'கிட்ட வராத, பாத்து'ன்னியே, அப்ப நான் அப்படித்தான் குனிஞ்சேன். ஒரே ஒரு தடவதான் லேட்டாயிடுச்சு."

அவள் நெற்றிமுடியை ஒதுக்கிக் காட்டினாள். வலது நெற்றிப்பொட்டில் ஒரு கீறல். அதற்குப் பக்கத்தில் நல்ல கண் இருந்தது. அது அவனைப் பார்த்துச் சிமிட்டியது.



"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பயப்படுவ."

அவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்து தோகையை அசைத்தது. 

மெய்யம்மை கட்டை அவிழ்த்துப் பாதிக் கரும்பைத் தனியாகக் கட்டினார்.

"இது உங்க வீட்டுக்கு. எழிலியோட அம்மா சுகந்தி காத்துக்கிட்டு இருப்பா. கெளம்புங்க."

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

"கெளம்புங்கண்ணே."

அவன் எழுந்தான். கரும்பைத் தோளில் வைத்தான். எழிலி பின்னால் வந்தாள். மெய்யம்மையும் அவளோடு ஒட்டியே வந்தார்.

கரைமேல் கொஞ்ச தூரம் போனதும் பின்னால் எழிலியின் கொலுசுச் சத்தம் நின்றது.

தனவேலின் கழுத்து தானாகத் திரும்பப் போனது. பாதியில் நிறுத்தினான். தோளில் கரும்பு கனத்தது. தோகை எங்கே இருக்கிறது, அவள் எங்கே இருக்கிறாள், ஒன்றும் தெரியவில்லை. ஒரு அடி முன்னால் வைக்க முடியவில்லை. பின்னால் வைக்கவும் பயம். வேர்வை இமையில் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினால் கரும்பு அசையும் என்று அப்படியே நின்றான்.

"அம்மா," என்றான், முன்னால் பார்த்தபடியே.

"சொல்லுங்க."

"எழிலி இருக்காளா?"

"நீங்களே பாருங்க."

"எப்படிம்மா பாப்பேன்?"

"கரும்ப இறக்கி வைங்கண்ணே. அப்புறம் திரும்புங்க."