எட்டு நாளில் ரத்தம் மாற்றும் வேலை

கொன்றையூர் அரசர் மாறவேளுக்கு ஐம்பதாவது பிறந்தநாள் வர எட்டு நாள்தான் இருந்தது. மனிதர் படுத்த படுக்கையாகிவிட்டார். அரசவைக்குக்கூடக் கட்டிலோடுதான் தூக்கி வந்தார்கள். நோய் ஒன்றும் இல்லை, பயம்தான். அவருடைய அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா மூவருமே ஐம்பதாவது பிறந்தநாளன்று கண்ணை மூடியவர்கள்.

"வம்ச ரத்தம் அப்படி, அரசே," என்றார் அரண்மனை வைத்தியர் சாத்தனார். "எங்கள் வம்சத்தில் தொண்ணூறுக்கு முன்னால் யாரும் போனதில்லை. அதுவும் ரத்தம்தான்."

"அப்படியானால் என் ரத்தத்தை மாற்றும்."

வைத்தியருக்கு அமைச்சர் ஆதிரையைக் கண்டாலே ஆகாது. "அதற்கெல்லாம் ஆதிரைதான் சரி," என்று கை காட்டிவிட்டார்.

"எட்டு நாளில் மாற்று. இல்லாவிட்டால் எனக்கு முன்னால் நீ போவாய்," என்றார் அரசர்.

ஆதிரை அதிகம் பேசாதவள். பேசத்தான் வராது, பார்க்க நன்றாக வரும். அரண்மனை முழுக்கச் சுற்றினாள். சமையல்கட்டில் ஓர் ஆள் வியர்க்க விறுவிறுக்கக் கிண்டிக்கொண்டிருந்தான்.

"என்ன அது?"

"ஆயுள் லேகியம் அம்மா. வைத்தியர் வீட்டுக் கைப்பக்குவம். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அரசர் ஒரு குடம் சாப்பிடுவது மூன்று தலைமுறை வழக்கம்."

"கரண்டி ஏன் பாதிதான் இருக்கிறது?"

"கரைந்துவிட்டது அம்மா. இது மூன்றாவது கரண்டி."

"வைத்தியர் ருசி பார்ப்பாரா?"

"அவருக்கு வீட்டிலிருந்து கஞ்சி வந்துவிடும்."

எட்டாம் நாள் லேகியக் குடம் அவைக்கு வந்தது. ஆதிரை எழுந்தாள்.

"ரத்தத்தை மாற்ற முடியவில்லை, அரசே. சாப்பாட்டை மாற்றிப் பார்ப்போம். லேகியத்தை வைத்தியர் சாப்பிடட்டும். அவர் கஞ்சியை நீங்கள் குடியுங்கள்."

"எனக்கு வயிறு சரியில்லை," என்றார் வைத்தியர்.

"உங்களுக்கென்ன பயம்? தொண்ணூறு வயது ரத்தமாயிற்றே."

வைத்தியர் குடத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். அறுபத்தெட்டு வயதில் அப்படி ஓர் ஓட்டத்தைக் கொன்றையூர் கண்டதில்லை. மதிலையே தாண்டிவிட்டார்.

அரசர் கஞ்சியைக் குடித்தார். பொழுது சாய்ந்து, மறுநாளும் விடிந்தது. ஆள் உயிரோடு இருந்தார்.

"அப்படியானால் ஆயுளுக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லையா, ஆதிரை?"

"இல்லாமல் என்ன, அரசே? லேகியத்தைத் தொடாத புத்தி அவர்கள் ரத்தத்தில் வருகிறது. கேள்வி கேட்காமல் விழுங்குகிற புத்தி..." அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மீதியை அரசரே சொல்லிக் கட்டில் ஆடச் சிரித்தார். பிறகு இன்னொரு கிண்ணம் கஞ்சி கேட்டார்.