பெட்டியோடு சண்டை போட்ட கரிச்சான்

ஒரு காட்டில் குண்டுக்கரிச்சான் குருவி ஒன்று இருந்தது, குழந்தைகளே. கறுப்பும் வெள்ளையுமாகச் சின்ன உடம்பு, அதற்குள் பெரிய ரோஷம். விடிந்ததும் வேங்கை மரத்து உச்சியில் உட்கார்ந்து பாடும். கேட்கிறவர்கள் உருகுவார்கள். உண்மையில் அது சொன்னது இவ்வளவுதான்: "இந்த மரப்பொந்து என்னுடையது. கிட்டே வந்தால் கொத்திவிடுவேன்."

அந்தப் பொந்தில்தான் அதன் மனைவி முட்டையிடப் போகிறது. புல்லும் வேரும் வைத்து மெத்தைகூடத் தயார். பொந்தின் மேல் ஒரு மைனாவுக்கும் கண்.

ஒருநாள் பட்டணத்திலிருந்து ஓர் இசையமைப்பாளர் வந்தார். கரிச்சானின் பாட்டைப் பதிவுசெய்து, சரியாக வந்திருக்கிறதா என்று மரத்தடியிலேயே தன் ஒலிப்பதிவுப் பெட்டியில் போட்டுக் கேட்டார்.

கரிச்சானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவனோ ஒருவன் அதன் மரத்தடியிலேயே நின்று பொந்து தன்னுடையது என்கிறானே! ஆத்திரத்தில் உரக்கப் பாடியது. பாவம், அவருக்கு அது காதல் பாட்டு என்று நினைப்பு. அதையும் பதிவுசெய்து போட்டார். இப்போது பெட்டியும் உரக்கப் பாடியது.

மைனா நைசாகப் பக்கத்தில் வந்தது. "என்ன அண்ணே, அவன் குரல் கணீர்னு இருக்கு. நீங்க கொஞ்சம் இறங்கிட்டீங்களோ?"

"யாரு, நானா? அவன் மூஞ்சிக்கு நேரா போய்ப் பாடுறேன், பாரு."

உச்சியை விட்டு இறங்கி, பெட்டிக்கு எதிரே புதரில் போய் உட்கார்ந்தது.

மனைவி வந்து கூப்பிட்டது. "அங்க ஆளே இல்லைங்க. அது வெறும் பெட்டி. பொந்துப் பக்கம் வாங்க, மைனா சுத்திக்கிட்டே இருக்கு."

"இவனை விரட்டிட்டு வரேன், போ."

பெட்டிக்குத் தொண்டை வலிக்குமா என்ன? பொழுது சாயும்போது பேட்டரி தீர்ந்துதான் அது வாயை மூடியது. எதிரி ஓடிவிட்டான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கரிச்சான் பொந்துக்குப் பறந்தது.

பொந்திலிருந்து மைனா தலையை நீட்டியது. புல்லும் வேரும் கீழே சிதறிக் கிடந்தன. மனைவியைக் காணோம். முட்டை யாருக்காகவும் காத்திருக்காது. மனைவி வேறு பொந்து தேடிப் போய்விட்டது.

"பாட்டுல ஜெயிச்சது நீங்கதான் அண்ணே," என்றது மைனா. "அதுல சந்தேகமே இல்லை."

கரிச்சான் எதிர்க் கிளையில் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தது.

கீழே இசையமைப்பாளர் அவசரமாகப் புது பேட்டரி போட்டார். "அடடா, காலையில் பாடினதைவிட இது இன்னும் இனிமை!"

நீதி: எதிரி யார் என்று பார்க்காமல் சண்டைக்குப் போகிறவன், ஜெயித்துவிட்டு வந்தாலும் தெருவில்தான் நிற்பான்.